தேத்தண்ணீர் ஓடும் பக்கம்

1

இந்தக் கதையை நானாகத் தொடங்கவில்லை. கேட்டு எழுதுவித்தார்கள். கேட்டவர் இரஞ்சிதம் அக்கா. கேட்ட இடம் கிளிநொச்சிச் சந்தை, மரக்கறிக் கடைகளின் வரிசை.

"தம்பி, ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரிலை நீங்கள் எழுதுறதை என்ரை மகள் ஒண்டும் விடாமல் வாசிக்கிறவள். நான் சொன்னால் கேக்கமாட்டாள். எங்கடை வீட்டு நிலத்தைப் பற்றி ஒருக்கா எழுதுங்கோவன்."

வன்னியில் செய்தி எழுதுகிறவனிடம் நிலம் என்றால் அவன் காணிப் பிணக்கு என்றுதான் நினைப்பான். பேனையை எடுத்துவிட்டேன்.

"ஆர் அக்கா பிடிச்சு வைச்சிருக்கினம்?"

"ஒருத்தரும் பிடிக்கேல்லை. பேனையை உள்ளை வையுங்கோ. இது வீட்டுக்குள்ளை கழுவுற நிலம், கல்லு நிலம். அதுக்கு மேலை மகள் வழுவழுப்பான ரைல்ஸ் பதிக்கப்போறாள்."

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது ஒரு மேசன் வேலையை நிறுத்துவதற்காக எழுதப்படும் கதை. எழுத்து எதையாவது நிறுத்தியதை நான் இதுவரை கண்டதில்லை. ஆனாலும் கேட்டுவிட்டார்.

2

தொடக்கங்கள்.

(அ) போர் தில்லைநாதனின் கண்களைப் பறித்துக்கொண்டது. அந்த இருளிலும் அவர்

(பொய். தில்லைநாதன் இரஞ்சிதம் அக்காவின் கணவர். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விதைத்தவர். அவருடைய கண்களை எடுத்தது சீனி வருத்தம், நீரிழிவு. "எல்லாரும் ஷெல்லோ எண்டுதான் கேக்கினம்," என்றார். "ஓமெண்டு சொன்னால் கொஞ்சம் மதிப்பு. என்ன செய்யிறது தம்பி, இது சீனி.")

(ஆ) வன்னியின் கருங்கல் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்

(உண்மை. ஆனால் மகள் இரண்டாம் பந்திவரை வாசிக்கமாட்டார்.)

(இ) கோப்பை சரிந்தது.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

கோப்பை சரிந்தது. என்னுடைய கோப்பைதான். அவர்களுடைய வீட்டுக்கு முதல் தடவை போனபோது, தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே கேள்வி கேட்டவன், பாதிக் கோப்பையைக் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்தேன். அந்த வீட்டில் நிலம் என்பது சமனான ஒன்றல்ல. கருங்கற் பலகைகள்: ஒன்று ஆமை முதுகு, ஒன்று குழி, ஒன்று சரிவு, இடையில் சீமெந்துப் பொருத்துகள்.

நான் குனிந்து, கொட்டியதைக் கைலேஞ்சியால் துடைக்கத் தொடங்கினேன்.

"அங்கை துடைக்காதேங்கோ," என்றார் தில்லைநாதன் முன் கதிரையிலிருந்து. "அங்கை அது நிக்காது."

எழுந்தார். சுவரைப் பிடிக்கவில்லை. வெறுங்காலால் இரண்டு கற்களைத் தொட்டு, கொடியில் கிடந்த பழைய சாரத் துணியை எடுத்து, என் கதிரைக்குப் பின்னால் போய்க் குந்தினார். அங்கே ஒரு குழிக்கல். துணியை விரித்து வைத்துக் காத்திருந்தார். தேத்தண்ணீர் ஒரு பொருத்து வழியாக வளைந்து வந்து துணிக்குள் இறங்கியது.

"சீனி கூடப் போட்டிருக்கிறாள் உங்களுக்கு," என்றார் விரலை ஒட்டிப்பார்த்து. "எனக்கெண்டால் வெறுந்தேத்தண்ணி."

"வாற ஆக்களுக்கு முன்னாலை கோள் சொல்லாதையுங்கோ," என்றார் அக்கா குசினிக்குள்ளிருந்து.

4

இந்தப் பகுதி கட்டுரை போல இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கற்கள் வந்தது மாங்குளத்துப் பக்கம் கல்லுடைக்கும் ஓர் இடத்திலிருந்து. கொண்டுவந்தவர் தங்கராசா, அங்கே வேலை செய்தவர். மீளக் குடியேறி வீட்டுக்குச் சுவரும் கூரையும் வந்து, நிலம் மட்டும் மண்ணாகக் கிடந்த காலம். லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டி நிறையக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, "அண்ணே, இதெல்லாம் தட்டையா போச்சு, சல்லிக்கு ஆகாது. வீட்ல போட்டுக்கங்க" என்றாராம். தில்லைநாதனுக்கு அப்போது கண் தெரியும். அவரும் அக்காவுமாகப் பதித்தார்கள். மட்டம் பார்க்கும் பலகை இருக்கவில்லை. அதனால்தான் இந்த ஆமை முதுகுகள்.

அக்கா பாடசாலை ஒன்றில் சமைக்கப் போகிறவர். கண் போன பிறகு நிலம் கழுவுவதைத் தில்லைநாதன் எடுத்துக்கொண்டார். முதலில் பொருத்துகளை மெல்லிய தூரிகையால் வாரி எடுப்பார். பிறகு ஒரு கல்லுக்கு ஒரு சிரட்டைச் சவர்க்காரத் தண்ணீர். தேங்காய்த் தும்பால் கல்லின் ஓட்டத்துக்கே தேய்ப்பார். மொப் சரிவராது, அது மேட்டைத் துடைத்துவிட்டுக் குழியைத் தாண்டிப் போய்விடும். கடைசியில் குழிகளில் தேங்கியதைத் துணியால் ஒற்றி எடுத்து, உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். வெள்ளிக்கிழமை முழு வீடும். மற்ற நாட்களில் ஒவ்வொரு அறையாக.*

* ஒருமுறை வவுனியாவில் இருக்கும் மகள் அன்பாக அங்கிருந்து கக்கூஸ் கழுவும் அசிட் வாங்கி வந்து ஊற்றினார். கல் பளிச்சென்று வந்தது. பொருத்துச் சீமெந்து பொங்கி உதிர்ந்தது. பிறகு எறும்பு வந்தது. "கல்லுக்கெல்லாம் முரசு கரைஞ்ச மாதிரி" என்றார் தில்லைநாதன், பல் ஈறைச் சொல்லி. மகளிடம் சொன்னது வேறு: "நல்ல வெளிச்சமாக் கிடக்குதாம் பிள்ளை, அம்மா சொல்லுறா."

5

இப்போது மகள். கதையில் அவருக்குத் தேனுகா என்று பெயர் வைத்திருக்கிறேன். உண்மைப் பெயர் அதுவல்ல. ஆனால் வாசிக்கும்போது அவருக்குத் தன் கால் பெருவிரல் தெரிந்துவிடும். தந்தை விழுந்துவிடுவார் என்று பயப்படும் அவர்தான், வீட்டுக்கு வரும் ஒவ்வொரு முறையும் வாசல் கல்லில் விரலை இடித்துக்கொள்கிறவர். "இந்த வீட்டிலை தடக்குப்படுறது கண் தெரிஞ்ச ஆக்கள்தான்" என்பது தில்லைநாதனின் பகிடி.

தேனுகாவின் பயம் நியாயமற்றதல்ல. விசாரித்தேன். தில்லைநாதன் இரண்டு தடவை விழுந்திருக்கிறார். இரண்டும் கிணற்றடியில், வழவழப்பான சீமெந்தில், சவர்க்காரத் தண்ணீரில்.

போன மாதம் மேசன் நிஷாந்தன் அளவெடுக்க வந்தார். ரைல்ஸ் பதிப்பதற்கு முதல் மட்டம் எப்படி வரும் என்று காட்ட, குசினி வாசலில் ஒரு பாய் அளவுக்குக் கற்களின் மேல் சீமெந்து பூசிவிட்டுப் போனார். தேனுகா படம் எடுத்தார். அழகாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் பின்னேரம் அக்கா வேலையால் வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. தில்லைநாதன் அலுமாரிக்கு முன்னால், அதன் கதவைப் பார்த்தபடி, கையில் கழுவவேண்டிய கோப்பையோடு நின்றார். குசினிக்குப் போகப் புறப்பட்டவர். மட்டமாகப் பூசிய இடத்தில் காலுக்கு எந்தக் கல்லும் வழி சொல்லவில்லை, பக்கம் மாறித் திரும்பிவிட்டார்.

"என்னப்பா இதிலை நிக்கிறியள்?"

"சேட்டு ஒண்டு எடுப்பமெண்டு."

"கோப்பையோடையோ?"

அக்கா கோப்பையை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனார். இதை எனக்குச் சொல்லும்போது சந்தையில் பயத்தங்காய்க் கட்டை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

6

இவ்வளவையும் எழுதிய பிறகு கதாபாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஏன் இந்த மனிதர் மகளிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை? அவரில்லாமல் அவரைப் பற்றி எழுதுவது சரியா? எழுதியதைக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். அக்கா குசினிக்குள் ஒளிந்துகொண்டார்.

தில்லைநாதன் கேட்டுவிட்டு, "பாவம் எண்டு ஒரு இடத்திலை வருது. அதை எடுங்கோ" என்றார்.

எடுத்துவிட்டேன். ஐந்தாம் பகுதியில் இருந்தது.

"ஏன் ஐயா தேனுகாவிட்டைச் சொல்லேல்லை?"

"கண் கிளினிக்கிலை என்னோடை வாங்குப் பலகையிலை இருந்து, என்ரை தோளிலை நித்திரை கொண்ட பிள்ளை. பஸ்சிலை நான் இருக்க, தான் நிண்டுகொண்டு வந்தவள். அப்பிடி ஒரு பிள்ளை, உங்களுக்காகச் செய்யிறன் எண்டு நிக்கேக்கை, எனக்கு வேண்டாமெண்டு எந்த வாயாலை சொல்லுறது?"

"அப்ப எழுதவோ, விடவோ?"

அவருடைய கால் பெருவிரல் பக்கத்துக் கல்லின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது.

"எழுதுங்கோ. ஆனால் முதல்லை அவளுக்கு நன்றி சொல்லிப்போட்டு மற்றதைச் சொல்லுங்கோ. பேரையும் மாத்துங்கோ. வேலை இல்லாமல் இருக்கேலாது எண்டும் போடுங்கோ. ரைல்ஸ் எண்டால் அம்மா ஒரு இழுவையிலை துடைச்சுப்போடுவா. பிறகு நான் என்ன செய்யிறது?"

நன்றியை முதல் வரியில் வைக்கச் சொன்னார். நான் ஆறாம் பகுதிவரை இழுத்துவிட்டேன். இங்கேயே சொல்கிறேன், தேனுகா: அப்பா நன்றி சொல்லச் சொன்னார். வாங்கில் தூங்கியதற்கு. நின்றுகொண்டு வந்ததற்கு. அசிட்டுக்கும்கூட.

என் பங்குக்கு நானும் சொல்ல வேண்டும். இத்தனை வருடமாக இழந்தவற்றையே எழுதி வந்தவனுக்கு, இன்னும் கையில் இருக்கும் ஒன்றைப் பற்றி எழுதக் கேட்ட வீடு இது.

7

முடிவுகள்.

(அ) ரைல்ஸ் பதிக்கப்படுகிறது. அவர் சுவரைப் பிடித்து நடக்கப் பழகுகிறார். தேனுகா நிம்மதியாகத் தூங்குகிறார். இது கெட்ட முடிவல்ல. பல வீடுகளில்

(ஆ) கற்கள் அப்படியே இருக்கின்றன. ஒரு நாள் அவர் உண்மையாகவே தடக்கி விழுகிறார். அன்றைக்கு இந்தக் கதைதான் குற்றவாளி. இதை நினைத்து ஒரு கிழமை எழுதாமல் இருந்தேன்.

(இ) பூசிய சீமெந்து உடைக்கப்படுகிறது. நிஷாந்தனிடம் கேட்டுப் பார்த்தேன். "உளி போட்டால் கழரும் அண்ணை. ஆனால் அக்கா சொல்லோணும்," என்றார். அவர் சொல்லும் அக்கா நீங்கள்தான், தேனுகா.

இது ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர். மேசன் வருவது நாளைக்கு. நேற்றே நீங்கள் வவுனியாவிலிருந்து வந்திருப்பீர்கள், வாசலில் விரலை இடித்திருப்பீர்கள். இப்போது கூடத்தில் கதிரையில் இருந்து இதை வாசிக்கிறீர்கள். அம்மா குசினிக்குள் சத்தமில்லாமல் நிற்கிறார். அப்பா முன் கதிரையில், நீங்கள் தாளைத் திருப்பும் ஒலியைக் கேட்டுக்கொண்டு இருக்கிறார்.

முடிவை நான் எழுதவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் தேத்தண்ணீர்க் கோப்பை பக்கத்தில்தான் இருக்கும். அதை எடுத்து நிலத்தில், சரிவாகக் கிடக்கும் கல்லில் வையுங்கள். சரிந்தால் நிமிர்த்த அவசரப்படாதீர்கள்.

அப்பா எங்கே போய்க் குந்துகிறார் என்று பாருங்கள்.