ஒரு கரண்டி க்ரீம் சீஸ்

சனிக்கிழமை ஆட்டத்தில் எங்கள் அணிப் பையன் ஆல்டன் இறங்கக்கூடாது என்று காகிதம் வந்ததற்குக் காரணம் நான்தான். நான் அவன் ரொட்டியில் தடவிய ஒரு கரண்டி க்ரீம் சீஸ்.

அமெரிக்காவில், லூசியானா மாநிலத்தில் எங்கள் கல்லூரியின் ஃபுட்பால் கூடத்தில் பதினோரு வருஷமாகச் சிற்றுண்டி மேசை என் பொறுப்பு. பையன்களுக்கு எப்போது வேண்டுமானாலும் வெறும் பேகல் ரொட்டி கொடுக்கலாம், அது நொறுக்குத்தீனி. அதன்மேல் எதையாவது தடவிவிட்டால் சாப்பாடாம். கல்லூரிப் பையன்கள் ஆட்டத்துக்குக் காசு வாங்கக்கூடாது என்று விதி; வேளை தப்பிச் சாப்பாடு போட்டால் அதுவும் கூலி கொடுத்த குற்றமாம். எந்தப் புண்ணியவான் ரூம் போட்டு யோசித்தானோ!

செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்து வந்த ஆல்டன் வெறும் பேகலை ஒரு கடி கடித்துவிட்டு அப்படியே வைத்தான்.

“மிஸ் வெர்லீன், தொண்டையில இறங்க மாட்டேங்குது. மண்ணைத் திங்கிற மாதிரி இருக்கு.”

“மத்தியானம் சாப்பிட்டியாடா?”

“எங்க! வகுப்பு முடிஞ்சதுமே கோச் வீடியோ பாக்கக் கூப்பிட்டுட்டாரு. போறதுக்குள்ள கேண்டீனைப் பூட்டிட்டாங்க.”

நானும் பிள்ளை பெற்றவள், மனசு கேட்குமா? கோச்சுகளின் ஃபிரிட்ஜிலிருந்து க்ரீம் சீஸ் டப்பாவை எடுத்துத் தாராளமாகத் தடவினேன். கூட இருந்தவன் ஒருத்தன் ‘மிஸ் வெர்லீன் வீட்டு விருந்து’ என்று படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டான். விளையாட்டு வினையாயிற்று.

வியாழக்கிழமை விதிமுறை அதிகாரி விட்கம்ப் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஆல்டனுக்கு இது கடைசி வருஷம். காசு கொடுத்து ஆள் எடுக்கும் பெரிய அணிக்காரர்கள் அவனைப் பார்க்க வருவது இந்தச் சனிக்கிழமைதான்.

“தடவினது நான், சார். என் சீட்டைக் கிழிங்க. அவன் பொழப்புல கை வைக்காதீங்க.”

“விதின்னா விதிதாம்மா. படிக்க வந்த பையன். ஆசைக்கு ஆடுறான், இலவசப் படிப்பு வேற. கரும்பு தின்னக் கூலியா?”

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. “யாரு சார் கரும்பு தின்னது? அவன் நம்பர் போட்ட பனியனைத் தொண்ணூறு டாலருக்கு விக்கிறீங்க. சாறு பூரா உங்களுக்கு, புள்ளைங்களுக்குச் சக்கையா?”

“மிஸ் வெர்லீன், விடுங்க,” என்றான் ஆல்டன். “தடையை எடுக்க என்ன செய்யணும், சார்?”

“சாப்பிட்டதுக்கு மூணு டாலர். ஏதாவது ஒரு தர்ம ஸ்தாபனத்துக்குக் கட்டி ரசீது காட்டு. இன்னைக்கே தடை போயிடும்.”

“எங்க ஊர் உணவு வங்கிக்குக் கட்டுறேன். எங்கம்மா அங்கதான் வரிசையில நின்னு இலவசச் சாப்பாட்டு டப்பா வாங்குறாங்க.”

விட்கம்ப் பேனாவைக் கீழே வைத்தார். “அப்ப அது ஆகாது தம்பி. உன் குடும்பத்துக்கே போய்ச் சேருமே.”

ஆல்டன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குப் பற்றி எரிந்தது. ரொட்டிக்காகத் தாய் வரிசையில் நிற்பதைச் சொன்னால் அதற்கும் சட்டம் பேசுகிறானே, இவனெல்லாம் மனுஷனா?

“வேற தர்ம ஸ்தாபனம் எதுவும் தெரியாதே, சார்,” என்றான் ஆல்டன்.

“அலைய வேண்டாம். சட்டப்படி நம்ம கல்லூரியே தர்ம ஸ்தாபனம்தான். இங்கேயே கட்டிடு.”

ஆல்டன் சட்டைப்பையிலிருந்து கசங்கிய மூன்று ஒற்றை டாலர் நோட்டுகளை எடுத்து மேசையில் வைத்தான். சனிக்கிழமை ஆடினான். எண்பதாயிரம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். திங்கட்கிழமை அவனுக்குக் கல்லூரித் தலைவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது: ‘அன்புள்ள வள்ளலே, உங்கள் நன்கொடைக்கு நன்றி. அடுத்த ஆண்டும் தாராளமாகக் கொடுங்கள்.’