வெண்ணெய் மாதிரி நகர்ந்த லீவர்

அந்தப் பழைய ஜீப்பில் குளிர்காலத்தில் உடம்பைச் சூடாக்கிக்கொள்ள இரண்டே வழிதான் இருந்தது. ஒன்று, வெந்நீர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுவது. இன்னொன்று, பக்கத்து சீட்டில் வீட்டுக்காரரை உட்கார வைத்துச் சண்டை பிடிப்பது. கால்நடை மருத்துவரான அவள் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தாள்.

ஜீப்பை அவளிடம் தள்ளிவிட்டது அவளுடைய தம்பி. "மலையே ஏறும் அக்கா" என்று சொல்லித்தான் கொடுத்தான். மலை ஏறத்தான் செய்தது. ஆனால் டாஷ்போர்டில் இருந்த மூன்று லீவர்களில், சூட்டைக் கூட்டிக் குறைக்கிற லீவர் ஒருநாள் காலை அவள் கையோடு வந்துவிட்டது. உள்ளே கேபிள் துருப்பிடித்து இறுகிக் கிடந்திருக்கிறது. அன்றிலிருந்து ஜீப்புக்குள் வீசியது வெளியே வீசிய அதே காற்றுதான், கொஞ்சம் பெட்ரோல் வாசனையோடு. கண்ணாடியின் உள்பக்கம் உறைபனி படியும். ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சுரண்டியபடியே அவள் பண்ணை பண்ணையாகப் போய்க்கொண்டிருந்தாள்.

"ஒர்க்ஷாப்ல விட்டுடட்டுமா? அரை நாள் வேலைதான்னு மெக்கானிக் சொல்றாரு" என்று கேட்டுப் பார்த்தாள்.

"அரை நாளா? இதுக்கா?" என்று வீட்டுக்காரர் சிரித்தார். அவருக்கு வீட்டுச் சாமான்களோடு வருகிற விளக்கப் புத்தகங்களை எழுதுகிற உத்தியோகம். சலவை எந்திரத்தை எப்படி இயக்குவது, எதைத் தொடக்கூடாது என்றெல்லாம் ஊருக்கே சொல்லிக்கொடுப்பவர். அந்த ஊரில் அவர் வீடு மட்டும் சேராது. ஜீப்புக்கும் ஒரு விளக்கப் புத்தகம் இருந்தது. "எடுத்துத் தரட்டுமா?" என்றதற்கு, "எழுதுறவனுக்கே புத்தகமா?" என்று கேட்டுவிட்டு, ஸ்க்ரூ டிரைவரைத் தேடப் போய்விட்டார். அதைத் தேடிக் கண்டுபிடித்ததும் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பியும் வந்து சேர்ந்தான். மாமனும் மாப்பிள்ளையும் சேர்ந்தால் வேலை பாதியாகும் என்பார்கள். ஆயிற்று. பாதி வேலைதான் ஆயிற்று.

டாஷ்போர்டு வெளியே வந்தது. ரேடியோ வெளியே வந்தது. ஹீட்டருக்கும் தனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று கிடந்த சாம்பல் கிண்ணமும் வெளியே வந்தது. அவள் கையில் டார்ச்சைக் கொடுத்து, "இங்க காட்டு, இல்ல அங்க, ஐயோ என் கண்ணுல இல்லம்மா" என்று வீட்டுக்காரர் அவளை ஆட்டி வைத்தார். மாட்டின் வயிற்றுக்குள் தோள் வரை கைவிட்டு, திரும்பிக் கிடக்கும் கன்றை நேராக்குகிறவள் அவள். டார்ச் பிடிக்கத்தான் சரியாகத் தெரியவில்லையாம்.

தம்பி பானெட் பக்கம் நின்றான். சுடுதண்ணீரைத் திறந்து மூடுகிற வால்வு அங்கேதான் இருக்கிறது. புதுக் கேபிளின் நுனியை அதில் மாட்டிவிட்டு, ஒரு சின்னத் தகட்டு கிளிப்பைத் தூக்கிக் காட்டினான்.

"மாமா, இது எதுக்கு?"

"அதுவா? சும்மா ஒரு பிடிமானத்துக்கு. விடு மாப்ள."

"அது இருந்த இடத்துலயே மாட்டிடுங்களேன்" என்றாள் அவள்.

"நீ டார்ச்சைப் பிடி."

மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். ஒரு கிண்ணம் நிறைய ஸ்க்ரூ மிச்சம். அந்தக் காலத்தில் எல்லாவற்றிலும் தேவைக்கு மேல் போட்டு முறுக்குவார்கள் என்று அதற்கும் ஒரு விளக்கம் வந்தது. வீட்டுக்காரர் லீவரை ஒரு விரலால் தள்ளிக் காட்டினார். "பாரு. வெண்ணெய் மாதிரி போகுது."

போயிற்று. எந்தப் பளுவும் இல்லாதது வெண்ணெய் மாதிரிதானே போகும்?

அப்போதுதான் ஆட்டுப் பண்ணைக்காரம்மாவிடமிருந்து போன் வந்தது. ஆடு ஈன முடியாமல் திணறுகிறதாம். தம்பிக்குச் சட்டென்று வேறு ஜோலி ஞாபகம் வந்துவிட்டது. வீட்டுக்காரர் மட்டும், "நானும் வர்றேன். சூடு எப்படி வருதுன்னு நீயே பாரு" என்று ஸ்வெட்டரைக்கூடக் கழற்றப் போனார். ஏதோ நல்ல நேரம், கழற்றவில்லை.

போகிற வழியெல்லாம் ஜில்லென்ற காற்றுதான். "இஞ்சின் சூடாகணும்ல" என்றார். பண்ணை வந்துவிட்டது. இஞ்சின் கொதிக்கிற மாதிரி இருந்தது, வண்டிக்குள் ஐஸ்பெட்டி.

பண்ணையில் இரட்டைக் குட்டி. முதல் குட்டி எழுந்து தாய் மடியைத் தேடிப் போய்விட்டது. இரண்டாவது ஈரத்துணி மாதிரி கிடந்தது. அவள் அதன் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள். உள்ளேயும் ஜில்லென்றிருந்தது. பனிக்காற்றில் கம்பி அறுந்து பண்ணையில் கரண்ட் இல்லை. சூட்டு விளக்கு எரியாது. "எப்படியாவது பொழைக்க வைங்கம்மா" என்று பண்ணைக்காரம்மா குட்டியைச் சாக்கில் சுற்றிக் கொடுத்தாள்.

குட்டி வீட்டுக்காரர் மடிக்குப் போனது. ஜீப் அவளுடைய மருத்துவமனைக்குக் கிளம்பியது. அவர் லீவரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்தார். வெண்ணெய்தான், அதில் குறையே இல்லை.

"வரும்... இப்ப வந்துடும்" என்றார்.

"யாரு, வசந்தகாலமா?"

பாதி வழியில் குட்டியின் நடுக்கம் நின்றது. நடுங்குகிறவரைக்கும் நம்பிக்கை உண்டு. நடுக்கம் நிற்பதுதான் ஆபத்து. அவள் ஜீப்பை ஓரம் கட்டினாள்.

"சாக்கைத் தூக்கிப் போடுங்க. ஸ்வெட்டருக்குள்ள, வயித்தோட ஒட்டி வைங்க."

"ஈரமா இருக்கே..."

"அதுக்கும் அதே குறைதான்."

அவர் ஸ்வெட்டரைத் தூக்கிக் குட்டியை உள்ளே வைத்துக்கொண்டார். அவள் இறங்கிப் போய்ப் பானெட்டைத் திறந்தாள். இஞ்சினை நிறுத்தவில்லை. "இப்ப லீவரைத் தள்ளுங்க!" என்று கத்தினாள். உள்ளே அவர் தள்ளினார். வால்வு இம்மியும் அசையவில்லை. அதற்குப் பதிலாகக் கேபிளின் மேலுறைதான் புழு மாதிரி நெளிந்து முன்னும் பின்னும் போனது. உறையை இறுக்கிப் பிடிக்க ஆளில்லை. அப்புறம் உள்ளே இருக்கிற கம்பி எதைத் தள்ளும்? அந்தச் 'சும்மா பிடிமானம்' இதற்குத்தான் இருந்திருக்கிறது.

அவள் மருந்துப் பெட்டியைத் திறந்து, ரத்தக்குழாயை நெரித்துப் பிடிக்கிற கிடுக்கியை எடுத்தாள். கேபிள் உறையையும் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த தகட்டையும் சேர்த்துப் பிடித்து, 'டக், டக்' என்று பூட்டினாள்.

"மறுபடி தள்ளுங்க!"

வால்வு திரும்பியது. குழாயில் கை வைத்துப் பார்த்தாள். சுட்டது.

வண்டிக்குள் வந்து உட்கார்ந்தபோது காலடியில் வெதுவெதுப்பான காற்று வந்துகொண்டிருந்தது. முகத்துக்கு என்று குறி போட்டிருந்த லீவரை நகர்த்தினால் காலுக்கு வந்தது. மற்ற கேபிள்களையும் மாற்றி மாட்டியிருக்கிறார்கள். இருக்கட்டும், ஒரே நாளில் எல்லா அதிசயத்தையும் எதிர்பார்க்கக்கூடாது.

வீட்டுக்காரர் குனிந்து ஸ்வெட்டரின் கழுத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டு வந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இவ்வளவு தூரம் வாயைத் திறக்காமல் வந்ததே இல்லை.

"நடுங்குது" என்றார் திடீரென்று. "ஏய், மறுபடி நடுங்குது! ஐயோ, என்ன செய்யணும்?"

"சந்தோஷப்படணும்."

கொஞ்ச நேரத்தில் அது அவர் வயிற்றின் மேலேயே ஒன்றுக்கும் போனது. அவர் முகத்தைச் சுளித்தார். ஆனால் கையை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அணைத்துக்கொண்டதை அவள் கடைக்கண்ணால் பார்த்தாள்.

"அந்தக் கிளிப் எதுக்குன்னு எனக்கு நிஜமாவே தெரியல" என்றார் அவர். "தெரியலைன்னு உன் தம்பி முன்னாடி சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

"குட்டி செத்திருந்தா இன்னும் கூச்சமா இருந்திருக்கும்" என்றாள். ஆனால் குரலில் காரம் குறைவாகத்தான் இருந்தது.

மருத்துவமனை விளக்குச் சூட்டில் குட்டி எழுந்து நின்றது, கால் நான்கும் நான்கு திக்கில். இரண்டு நாள் கழித்துப் பண்ணைக்காரம்மா வந்து அழைத்துப் போனாள். அதே வாரம் ஜீப்பும் ஒர்க்ஷாப்புக்குப் போனது. மெக்கானிக் கேபிள்களை இடம் மாற்றி, கிளிப்பைப் போட்டு, கிடுக்கியைத் துடைத்துக் கொடுத்தார். மேதாவித்தனமாக ஏதாவது சொல்லுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் ரசீதை மட்டும் நீட்டினார். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். ஒரு யோசனைகூடச் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது ஜீப்புக்குள் கொதித்தது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சூடு கொஞ்சம் ஜாஸ்தியா இல்ல? குறைக்கலாமே."

"லீவர் உங்க கைக்கு எட்டுற தூரத்துலதானே இருக்கு?"

அவர் லீவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.