கை காட்டும் குடல்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். வயிற்றுக்குள் நடக்கிற சங்கதி ஒன்றைச் சொல்லப் போகிறேன். முகம் சுளிக்காமல் கேட்டால் முழுக் கதையும் உங்களுக்குத்தான்.

டவர் கிரேன் ஓட்டுகிற ஒருவர் இருந்தார். இருநூற்று முப்பது படி ஏறினால்தான் அவருடைய கேபின். கீழே நின்று சிக்னல் காட்டுபவர் அவர் மனைவியின் அண்ணன். 'இறக்கு', 'நிறுத்து' என்று மச்சான் கை காட்டாமல் கொக்கி ஓர் அங்குலம் நகராது.

அப்படிப்பட்டவருக்குச் சிறுகுடலில் அடைப்பு வந்து, அதன் கடைசிப் பகுதியை வெட்டி எடுக்கும்படி ஆயிற்று. டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். சிறுகுடல் வெறும் குழாய் இல்லையாம். இரைப்பை அரைத்து அனுப்புவதை அதன் முதல் பகுதி பதம் பார்க்குமாம். புளிப்போ கொழுப்போ கூடினால், 'கொஞ்சம் பொறு' என்று இரைப்பைக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, பித்தநீரையும் கணையநீரையும் வரவழைக்குமாம். செரிக்காத கொழுப்பு கடைசிவரை வந்துவிட்டால், அங்கிருந்தும் 'நிறுத்து' என்று மேலே சேதி போகுமாம்.

"அப்ப கீழ சிக்னல் காட்டுற ஆளையே தூக்கிட்டீங்களா டாக்டர்?" என்று கேட்டார் இவர்.

"ஒருத்தரத்தான். இன்னொருத்தர் மேல பத்திரமா இருக்காரு. போனவர் வேலைய இனிமே நீங்கதான் பாக்கணும். கொஞ்சம் கொஞ்சமா, நல்லா மென்னு, அடிக்கடி சாப்பிடுங்க. அவசரமா நெறையத் தின்னா, நிக்காம வெளியே ஓடிடும்."

மூன்று மாதம் கழித்து, கட்டட என்ஜினீயர் வைத்த சோதனை ஓட்டம் வந்தது. நாலு மணி நேரம் கேபினில் தாக்குப்பிடித்தால் பழைய வேலை. இல்லையென்றால் சாமான் அறைக்குக் காவல். அவருக்கோ ஒரே திகில். பாதியில் வயிறு கலக்கினால், இறங்கி ஓடுவதற்குள் மானம் கப்பலேறிவிடுமே. ஆகவே முந்தின மதியத்திலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் பல்லில் படவில்லை. மனைவியிடம் சாப்பிட்டதாகச் சாதித்துவிட்டார். காலையில் அவள் குழைய வடித்துக் கொடுத்த சோற்று டப்பா, சீட்டுக்குப் பின்னால் திறக்காமல் கிடந்தது.

பத்து மணி. கொக்கியில் ஒரு டன் கம்பிக் கட்டு. அது ஏழாவது மாடியை நெருங்கும்போது உள்ளங்கை ஈரமானது. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. கிரேனின் லிவரைப் பிடித்த விரல்கள் தந்தியடித்தன.

வாக்கி டாக்கியில் மச்சானின் குரல். "மாப்ள, கட்டு ஆடுது. காத்தே இல்லையே."

என்ஜினீயரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். வாயைத் திறந்தால் வேலை போய்விடும். திறக்காவிட்டால்? கட்டு போகிற வழியில் எட்டுப் பேர் குனிந்து வேலை செய்கிறார்கள்.

"மச்சான், ஆளுங்கள விலக்குங்க. நேத்து மத்தியானத்துலேர்ந்து நான் சாப்பிடல. கை நடுங்குது."

மச்சான் விசில் ஊதி எட்டுப் பேரையும் விலக்கினார். பிறகு மச்சான் நிதானமாகக் கை காட்டக் காட்ட, கட்டு மெல்லத் தரையில் அமர்ந்தது.

"என் தங்கச்சிகிட்ட பொய் சொல்ற தைரியம் எனக்கே கெடையாது மாப்ள. மொதல்ல சாப்பிடு."

ஒரு வாய் எடுத்துக் கூழாகும்வரை மென்றார். வயிறு கடமுட என்றது. இதோ வரப்போகிறது என்று அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு, இறங்க வேண்டிய படிகளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடம். இருபது. உருண்டது தானாக அடங்கியது. இன்னும் இரண்டு வாய். விரல்கள் நிலைத்தன.

மறுபடி வாக்கி டாக்கி கரகரத்தது. இந்த முறை என்ஜினீயர்.

"எத்தன தடவ சாப்பிடணும்?"

"மணிக்கு ஒருக்கா, ரெண்டு மூணு வாய் சார்."

"அப்ப மணிக்கு ஒருக்கா கொக்கிய நிறுத்திக்குங்க. நடுங்குறத மறைச்சிருந்தா இப்பவே எறக்கி விட்டிருப்பேன். ஏழாவது மாடிக்குக் கம்பி இன்னும் வரல."

கிரேன்காரர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு லிவரைத் தொட்டார்.

கண்ணுகளா, உங்கள் வீட்டில் ஒருவரும் பயத்தால் பட்டினி கிடக்காதிருக்கட்டும். பெரியவர் முதல் பிஞ்சுவரை உண்டது உடம்பில் ஒட்டி, எல்லோரும் குறையில்லாமல் வாழுங்கள்.