மூன்று சாவி

ஹிதாயத்துல்லாவுக்கு யாரையும் நம்பத் தெரியாது. கெட்ட மனுஷர் இல்லை. ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். கலர் பிடிக்கவில்லை என்று கொண்டுவந்தால் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுப்பார். ஆனால் ராத்திரி ஷட்டரை இறக்கிப் பூட்டியதும் பூட்டை ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார், வண்டி வரைக்கும் போவார், திரும்பி வந்து இன்னொரு இழுப்பு. பூட்டினது அவரேதான். தன்னையே நம்பாத மனுஷர் ஊரை எங்கே நம்புவது?

அப்பேர்ப்பட்டவர் சேலையூரில் இரண்டாம் மாடி ஹாலில் ஒரு கடலை வளர்த்தார். மகள் இஃப்ரா கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன வருடம், வீடு வெறிச்சென்று கிடக்கிறதே என்று ஆரம்பித்தது. நாலடிக் கண்ணாடித் தொட்டி, உப்புத் தண்ணீர், உள்ளே உயிருள்ள பவளம். பவளம் என்றால் மோதிரத்தில் பதிக்கிற கல் இல்லை. பகலில் விரிந்து, விளக்கணைத்தால் சுருங்கி, வருஷத்துக்கு ஒரு விரல்கடை வளர்கிற ஜீவன். அதற்கு நடுவே பட்டை போட்ட ஜோடி மீன்கள். அடியில் மணலை வாய்நிறைய அள்ளி அள்ளித் துப்புகிற வெள்ளை மீன் ஒன்று. அதற்கு இஃப்ரா வைத்த பெயர் ஜேசிபி. ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணினால் முதல் கேள்வி, "ஜேசிபி எப்படி இருக்கான் அத்தா?" என்பதுதான்.

இந்தக் கடலால் பாதிக்கப்பட்டவர் நஃபீசா. கல்யாணமான புதிதில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று, காஷ்மீரில் பனியைக் கையால் தொட வேண்டும். மகள் படிப்பு, கடை, அது இது என்று தள்ளிப்போய், கடைசியில் டிக்கெட் எடுத்தபோது மீன்களுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தது. ரத்து. அடுத்த வருஷம் மறுபடி எடுத்தார்கள். தொட்டியை யாரிடம் விடுவது என்று யோசித்து யோசித்தே ஹிதாயத்துல்லாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. அதுவும் ரத்து. இரண்டு தடவையும் நஃபீசா ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்தத் தடவை டிக்கெட்டை எடுத்தது நஃபீசா.

"நீங்க வந்தா சந்தோஷம். வரலேன்னா நான் மட்டும் போயிடுவேன். அப்புறம் என்னை எதுக்கும் கேக்காதீங்க" என்றார். குரல் உயரவில்லை. அதுதான் ஹிதாயத்துல்லாவைப் பயமுறுத்தியது.

வழியையும் அவரே சொன்னார். காஷ்மீருக்கு முந்தின வாரம் வாணியம்பாடியில் சொந்தத்தில் கல்யாணம், எப்படியும் போயாக வேண்டும். அதை ஒத்திகையாக வைத்துக்கொள்ளலாம். "தௌசிப்கிட்ட சாவியைக் குடுங்க. அவன் பாத்துப்பான்."

தௌசிப் நஃபீசாவின் தம்பி. கேம்ப் ரோட்டில் செல்போன் ரிப்பேர் கடை. கடை திறப்பதற்கு அவன் நல்ல நேரம் பார்க்கிறான் என்று ஹிதாயத்துல்லா கிண்டல் பண்ணுவார். பதினொன்றுக்கு முன்னால் ஷட்டர் தூங்கும். காலேஜைப் பாதியில் விட்டவன், நாலு வேலை மாறினவன். அவன் போன் வந்தால் ஹிதாயத்துல்லா எடுக்கமாட்டார். "அப்புறம் பேசிக்கலாம்" என்று கவிழ்த்து வைத்துவிடுவார். அந்த அப்புறம் அநேகமாக வந்ததே இல்லை.

இருந்தாலும் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தார். தினசரி தீனியை, வயசானவர்கள் மாத்திரை வைக்கிற கிழமை போட்ட டப்பாவில் பிரித்து வைத்திருந்தார். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் எதெதற்கு ஓடும் என்று காட்டினார். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், ஆவியாகிறது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கிவிடும் என்று மூன்று தடவை சொன்னார்.

தௌசிப் எல்லாவற்றுக்கும் "சரி மச்சான்" என்றான். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பிறகு தொட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, சினிமா பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

இவன் கையிலா கொடுப்பது? ஹிதாயத்துல்லாவுக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் கடைக்குப் போகிற வழியில் இன்னும் இரண்டு சாவி அடித்தார்.

ஒன்று எதிர்வீட்டு ஹேமாவதிக்கு. காக்கைக்கு வைக்காமல் ஒரு வாய் சாப்பிடாத பெண். இன்னொன்று கடையில் வேலை பார்க்கும் சேட்டுவுக்கு, மதியம் சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பார்க்கச் சொல்லி. ஆளுக்கொரு டப்பா தீனி. ஆளுக்கொரு ரகசியம்: "உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். வேற யாருக்கும் தெரிய வேண்டாம்." நஃபீசாவிடம் மூச்சுவிடவில்லை. அவர் போட்ட கணக்கு இதுதான். மூன்று பேரில் இரண்டு பேர் கட்டாயம் மறப்பார்கள். மிச்சம் ஒருவராவது போடுவார்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒருவரும் மறக்கவில்லை.

வாணியம்பாடிக் கல்யாணத்தில் ஹிதாயத்துல்லா கல்யாணத்தைப் பார்க்கவேயில்லை. மனசு சேலையூரில் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் பிரியாணிப் பந்தியில் நஃபீசாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். தௌசிப். நல்ல பந்தியில் என்ன இழவுக்குக் கூப்பிடுகிறானோ என்று இலையோரம் கவிழ்த்து வைத்தார். மறுபடி அதிர்ந்தது. மறுபடியும். அடுத்த கவளத்தை எடுத்தார்.

ஞாயிறு சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்தபோதே நாற்றம் குப்பென்று அடித்தது.

தொட்டித் தண்ணீர் அரிசி கழுவின தண்ணீராக இருந்தது. பவளமெல்லாம் சுருங்கித் தங்கள் சுண்ணாம்பு எலும்போடு ஒட்டிக் கிடந்தன. ஜோடி மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தன. ஜேசிபி மணல்மேல் சாய்ந்து கிடந்தது. அது இனிமேல் எதையும் தோண்டப் போவதில்லை.

ஹிதாயத்துல்லாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் வாய் மட்டும் ஓடியது. போனை எடுத்தார்.

"அறிவிருக்காடா உனக்கு? எவ்ளோ தீனியைக் கொட்டின? கொன்னுட்டியேடா!"

"நான் ஒண்ணுமே போடல மச்சான்" என்றான் தௌசிப்.

"பொய் வேற சொல்றியா?" என்று கத்திவிட்டு வைத்தார். நஃபீசா பையைக்கூட இறக்காமல் வாசலில் நின்றிருந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. தன் வாயால் சிபாரிசு பண்ணின தம்பி.

அப்போதுதான் ஹேமாவதி வந்தாள், கையில் சாவியோடு. "வந்துட்டீங்களா பாய்? ஒரு வேளை தவறாம போட்டுட்டேன். கண்ணாடிகிட்ட வந்து வந்து பாத்துச்சுங்க, வாயில்லா ஜீவன், மனசு கேக்கல. சாயங்காலமும் ஒரு கை சேத்துப் போட்டேன்." சொல்லிக்கொண்டே தொட்டியைப் பார்த்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஐயோ, என்ன பாய் இது இப்படி ஆயிடுச்சு?"

நஃபீசா அவள் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார்.

ஹேமாவதி நகர்வதற்குள் படியேறி வந்தான் சேட்டு. "இன்னா மொதலாளி, கல்யாணம் நல்லா ஆச்சா? இந்தாங்க சாவி. நீங்க சொன்ன மாரியே மத்தியானம் வந்து கரெக்டா போட்டுட்டுப் போய்க்கினு இருந்தேன். ஒரு நாள்கூட பேஜார் இல்ல."

ஹிதாயத்துல்லா முகத்தில் ஈயாடவில்லை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறார். அடுத்தவர்கள் எல்லாம் கவனமில்லாதவர்கள் என்று கணக்குப் போட்டுத்தான் மூன்று மடங்கு ஏற்பாடு செய்தார். எல்லாரும் கவனமாக இருந்து தொலைத்தார்கள்.

"எத்தனை சாவி அடிச்சீங்க?" என்று கேட்டார் நஃபீசா.

அவர் பதில் சொல்வதற்குள் கீழே பைக் சத்தம் கேட்டது. தௌசிப். அவ்வளவு திட்டு வாங்கின பிறகும் வந்துவிட்டான். கையில் பேட்டரியில் ஓடுகிற காற்றுப் பம்பு. எவர் முகத்தையும் பார்க்காமல் நேரே போய் அதன் குழாயைத் தொட்டியில் விட்டான். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "உப்புத் தண்ணி ரெடியா கலந்து வெச்சிருக்கீங்களே, பால்கனி டிரம்ல. பாதியை மாத்திடலாம்" என்றான். டிரம் அங்கே இருக்கிறது என்று சொன்னது ஒரே ஒரு தடவை. அது அவன் காதில் விழுந்ததாகவே ஹிதாயத்துல்லா நினைக்கவில்லை.

ஹிதாயத்துல்லாவும் அவனும் வாளி வாளியாக இறைத்தார்கள். சேட்டு துடைத்தான். ஹேமாவதி அழுக்குத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்டினாள். வேலை ஓய்ந்ததும் தௌசிப் தரையிலேயே உட்கார்ந்தான்.

"நேத்து வந்தப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு அக்கா. எப்பவும் நான் நின்னா ஓடி வர்ற மீனுங்க, நேத்து திரும்பிக்கூட பாக்கல. வயிறு ரொம்பி இருக்குன்னு தோணுச்சு, அதான் நான் ஒண்ணும் போடல. கீழ எல்லாம் தீனி கெடந்துச்சு. வலையில அள்ளிப் போட்டுட்டு, யாரு போட்டதுன்னு கேக்க மச்சானைக் கூப்பிட்டேன். உன்னையும் கூப்பிட்டேன்."

கைப்பைக்குள் கிடந்த நஃபீசாவின் போன் கல்யாணச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்கவில்லை. அவர் கணவரின் போனை வாங்கிப் பார்த்தார். சனிக்கிழமை சாயங்காலம், தௌசிப், தௌசிப், தௌசிப்.

"பந்தியில கவுத்து வெச்சீங்களே, அது இவனா?"

ஹிதாயத்துல்லா தலையை ஆட்டினார்.

"இஃப்ராவா இருந்தா எடுத்திருப்பீங்க. கடை கஸ்டமரா இருந்தாக்கூட எடுத்திருப்பீங்க. என் தம்பிங்கறதாலதானே எடுக்கல?" அதற்குமேல் நஃபீசாவால் முடியவில்லை. இத்தனை வருஷம் பேசாமல் வைத்திருந்ததெல்லாம் கண்ணீராக வந்தது. "எனக்குப் பனியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீங்க உங்க பூட்டு சாவியோடவே இருங்க."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஹேமாவதியும் சேட்டுவும் சத்தமில்லாமல் நழுவினார்கள். தௌசிப் எழுந்து, தன்னிடமிருந்த சாவியை மற்ற இரண்டு சாவிகளோடு மேஜைமேல் வைத்தான்.

ஹிதாயத்துல்லா மூன்றையும் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஜேசிபி செத்ததை மகளுக்கு எப்படிச் சொல்வது என்று முதலில் யோசித்தார். அதைக் கொன்றது யார் என்று பிறகு யோசித்தார். ஹேமாவதியின் இரக்கம் இல்லை, சேட்டுவின் ஒழுங்கும் இல்லை. இடது கையால் போனைக் கவிழ்த்தது அவர்தான். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை முழுங்க இரண்டு நாள் ஆனது.

புதன்கிழமை அவராகவே கேம்ப் ரோட்டுக்குப் போனார். தௌசிப் ஒரு போனின் வயிற்றைத் திறந்து வைத்துக் குனிந்திருந்தான். ஹிதாயத்துல்லா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தப்பு என்னுதுடா. மனசுல வெச்சுக்காத" என்றார். சொல்லி முடித்ததும் வியர்த்துவிட்டது.

"விடுங்க மச்சான்."

"அக்கா காஷ்மீர் வேண்டாங்கறா. ரெண்டு நாளா எங்கிட்ட பேசறதும் இல்ல. நீ இருக்கேன்னு சொன்னாத்தான் கிளம்புவா." ஒரு சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "மத்த ரெண்டையும் வளைச்சுக் குப்பையில போட்டுட்டேன். இது ஒண்ணுதான் இருக்கு."

தௌசிப் சாவியை எடுத்தான். "என்ன பண்ணணும்னு இன்னொரு தரம் சொல்லிடுங்க மச்சான்."

சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "உனக்குத் தெரியும்" என்று எழுந்துகொண்டார்.

காஷ்மீரில், குல்மார்கில், பனி முழங்கால் வரை கிடந்தது. நஃபீசா கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு கை அள்ளினார். அள்ளினதை என்ன செய்வதென்று தெரியாமல், பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார். ஹிதாயத்துல்லா படம் எடுக்கப் போனை நீட்டியபோது அது அதிர்ந்தது.

தௌசிப்.

யா அல்லாஹ், இப்போது என்ன! முதல் மணியிலேயே எடுத்தார். "சொல்லுடா! என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல மச்சான். பவளமெல்லாம் நல்லா விரிஞ்சிருக்கு."

"அப்புறம் எதுக்குடா கூப்பிட்ட?"

"சும்மாதான். எடுக்கறீங்களான்னு பாத்தேன்."

ஹிதாயத்துல்லா போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "எடுத்துட்டேன்ல" என்றார். "இரு, அக்காகிட்ட தர்றேன்." கை நிறையப் பனியோடு நின்ற நஃபீசாவின் காதில் அவரே போனைப் பிடித்துக்கொண்டார்.