அட்டையில் ஒரு பெயர்

என் வீட்டுக்காரருக்கு ஸ்டூடியோக்களில் பச்சோந்தி என்று பட்டப்பெயர். அதைப் பாராட்டு என்று நினைத்து வீட்டில் வந்து பெருமையாகச் சொன்ன மனிதர் அவர். கிடாரைக் கையில் கொடுத்தால் ஜாஸ், ராக், பக்திப் பாட்டு, பல்பொடி விளம்பரம் எது கேட்டாலும் வாசிப்பார். வங்கிக்குப் போன் செய்து காத்திருக்கும்போது காதில் விழுமே ஒரு இசை, அதுவும் அவர் கைங்கரியம்தான்.

இதில் பாதி திருட்டு வேலை. பிரபலமான கிடார்காரர்களுக்கு நேரம் இருக்காது. சிலருக்குக் கையே ஓடாது. இவர் போய் அவர்களைப் போலவே வாசித்துவிட்டு, வெளியே மூச்சு விடமாட்டேன் என்று கையெழுத்தும் போட்டுவிட்டு வருவார். மேடைகளில் ஜொலிக்கும் ஒரு ஜாஸ்காரருடைய ஆல்பங்கள் எல்லாம் அப்படி வந்தவைதான். அட்டையில் அவர் முகம், உள்ளே என் வீட்டுக்காரர் விரல்.

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு இவருக்கு ஒரு ஆசை வந்தது. தன் பெயர் போட்டு ஒரு ஆல்பம். ஒன்றே ஒன்று. ஒரு கம்பெனி மேனேஜர் தலையாட்டியதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அட்டைப் போட்டோவுக்கென்று புதுச்சட்டை தைத்துக்கொண்டார்.

முதல் நாள் நானும் கூடப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் தயாராக உட்கார்ந்திருந்தார். இவர் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு வழக்கம்போலக் கேட்டார்.

"யாரு மாதிரி வாசிக்கணும்?"

"உங்க மாதிரிதான் சார்."

நான் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. அன்று முழுக்க ஒன்றும் வரவில்லை. மறுநாளும் அதே கதை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏங்க, ஊருக்கெல்லாம் வாசிச்சீங்களே, உங்களுக்கு வாசிக்க என்ன கேடு?"

கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் வந்தது பாருங்கள், எங்கள் குடித்தனத்தில் நான் ஒருநாளும் கேட்டிராத வாசிப்பு! இந்த மனிதருக்குள் இவ்வளவு துக்கமும் இவ்வளவு குறும்பும் இருப்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

எல்லாம் முடிந்ததும் மேனேஜர் உட்கார்ந்து முழுதாகக் கேட்டார்.

"பிரமாதம் சார். ஆனா அப்படியே அந்த ஜாஸ்காரரைக் காப்பி அடிச்ச மாதிரி இருக்கே. ஜனங்க சிரிப்பாங்க."

ஒலிப்பதிவாளர் தரையைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். இவர் என் கையை அழுத்தினார். கையெழுத்துப் போட்டிருக்கிறாராம். என்ன நாணயமோ!

மேனேஜரே வழியும் சொன்னார். "அவரையே கேட்டுப் பாக்கறேன். அவர் பேர்ல வந்தா பிச்சுக்கிட்டுப் போகும். இல்லேன்னா இது இப்படியே கிடக்க வேண்டியதுதான்."

"கிடக்க வேண்டாம். நாலு பேர் கேக்கட்டும்" என்றார் இவர். எனக்கு வந்த ஆத்திரத்தில் வீடு வரும்வரை அவரோடு பேசவில்லை.

ஆல்பம் ஜாஸ்காரர் பெயரில் வந்தது. பிய்த்துக்கொண்டும் போனது. ஒரு பத்திரிகையில் அரைப்பக்க விமர்சனம், நடுவில் அவர் படம். இவரே எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். 'இத்தனை காலம் இவரிடம் திறமை இருந்தது, ஆள் இல்லை. இதில்தான் முதல்முறையாக ஒரு மனிதர் பேசுகிறார்.'

"பாத்தியா, கண்டுபிடிச்சுட்டாங்க!" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஆமாங்க, உங்களைத்தான்" என்றேன். வந்த அழுகையை அடக்கிக்கொண்டு, பத்திரப்படுத்த அந்த விமர்சனத்தைக் கத்தரித்தேன். ஜாஸ்காரர் முகம் விழாமல் வெட்டுவதுதான் கஷ்டமாக இருந்தது.