வரைபு பிழை, சேர்

அருந்ததி ரீச்சரின் முன்கோபம் மானிப்பாய்ப் பள்ளிக்கூடத்தில் அதிபருக்கும் தெரிந்த விஷயம். அந்தக் கோபத்தோடுதான் சனிக்கிழமைகளில் உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணினியில் உயிரியல் படிப்பித்தார். விண்வெளி நிலையத்தில் முளைக்கவைத்த செடிகளின் மரபணுத் தரவுகள் இணையத்தில் சும்மா கிடக்கின்றன. தரையில் வளர்ந்த செடியோடு ஒப்பிட்டு, அங்கே எந்த மரபணுவின் வேலை கூடியது, எது குறைந்தது என்று பிள்ளைகள் பார்க்க வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் ரியூசனில் விடையைப் பாடமாக்கியே வளர்ந்த பிள்ளைகளுக்கு, விடை தெரியாத கேள்வி ஒன்று இருக்கிறது என்பதே நம்ப முடியாததாக இருந்தது.

வெப்பத்திலிருந்து செடியைக் காக்கும் மரபணு ஒன்றை ரீச்சர் செய்து காட்டினார். விண்வெளியில் அதன் வேலை கூடியிருந்தது. பிறகு அதே மரபணுவைத் தேடிப் பார்க்கச் சொல்லி, ஒவ்வொருவருக்கும் வேறு வேறு செடியின் தரவைப் பிரித்துக் கொடுத்தார். கொடுத்ததைத் தானே மறந்தும் போனார்.

பிள்ளைகள் தங்கள் முடிவுகளைப் பெற்றோர் முன் சொல்லிக்காட்டும் காட்சி நாளுக்கு முதல்நாள் நிவேதனா மடிக்கணினியோடு வந்தாள். இணுவில் ஊர்ப் பிள்ளை, வாய் திறப்பதே அபூர்வம்.

"ரீச்சர், எனக்குக் குறைஞ்செல்லோ வருது."

ரீச்சரின் மேசையில் தவணைப் பரீட்சைத் தாள்கள் குவிந்திருந்தன. தலையை நிமிர்த்தாமலே எரிந்து விழுந்தார். "போன கிழமை படிப்பிச்சதை மறந்திட்டியோ? கூடினது எண்டு மாத்து. போ."

அவள் போய் மாற்றினாள். வசனத்தை மட்டும் மாற்றினாள். வரைபைத் தரவிலிருந்து கணினியே கீறியிருந்தது, அதில் கைவைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் மண்டபத்தில் பெற்றோர் நிறைந்திருந்தார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு அவசரமாக வந்த நிவேதனாவின் தகப்பன் சோமசேகரம் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார். கொழும்பிலிருந்து கலாநிதி செபநாயகம் திரையில் தோன்றினார். விடுமுறையில் தன் ஆய்வுகூடத்தில் பயிற்சி பெற ஒரு பிள்ளையை அன்று அவர் தெரிவுசெய்வதாக ஏற்பாடு.

நிவேதனா பேசி முடித்ததும் அவர் கண்ணாடியைச் சரிசெய்தார்.

"தங்கச்சி, கூடினது எண்டு சொல்லுறியள். வரைபிலை குறைஞ்செல்லோ கிடக்கு. எது சரி?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நிவேதனா ரீச்சரைப் பார்த்தாள். ரீச்சருக்கு அந்தக் கணமே எல்லாம் விளங்கிவிட்டது. அவள் கையிலிருந்தது வேறு செடி, அவள் கண்டது சரி. எழுந்து ஒரு வசனம் சொன்னால் போதும். அதிபர் பக்கத்தில் இருந்தார். ரீச்சர் குனிந்து, ஒழுங்காகவே இருந்த கணினி வயரைச் சரிபார்த்தார்.

"வரைபு பிழை, சேர்," என்றாள் நிவேதனா.

"தன்ரை தரவைத் தானே நம்பாட்டி ஆய்வு செய்யேலாது, பிள்ளை," என்றார் செபநாயகம். பயிற்சி இடம் வகுப்பில் இன்னொரு பிள்ளையான கஜானனுக்குப் போனது.

கூட்டம் கலைந்தபோது சைக்கிள் நிறுத்துமிடத்தில் சோமசேகரம் ரீச்சருக்காகக் காத்துநின்றார். நிவேதனா பின்னால் நின்றாள்.

"குறை நினையாதேங்கோ ரீச்சர். இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிப்பிச்சனீங்கள். சபையிலை உங்களைத் தலைகுனிய வைச்சிட்டாள். மன்னிப்புக் கேள் பிள்ளை."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ரீச்சர்."

ரீச்சருக்கு வெட்கத்தில் காது சுட்டது.

"ஐயா, பிழை என்ரை. வரைபு சரி. மாத்தச் சொன்னது நான். எனக்குத் தெரிஞ்சும் அங்கை வாய் திறக்கேல்லை. இப்பவே கலாநிதிக்கு எடுத்துச் சொல்லுறன்."

சோமசேகரம் அவசரமாகக் கையசைத்தார்.

"சீ, வேண்டாம் ரீச்சர். பிள்ளையின்ரை மனம் நோகக்கூடாது எண்டு உங்கடை தலையிலை போடுறியள். எங்களுக்கு விளங்காதே?"

"ஐயா, சத்தியமாச் சொல்லுறன். நிவேதனா, நீயே சொல்லு. உண்மையைச் சொல்லு."

நிவேதனா ரீச்சரின் முகத்தைப் பார்த்தாள். ரீச்சர் என்ன விடையை எதிர்பார்க்கிறார் என்று எப்போதும் தேடுகிற அதே பார்வை.

"ஓம் அப்பா, ரீச்சர் எனக்காகத்தான் சொல்லுறா. பிழை விட்டது நான்தான்," என்றாள்.

தகப்பன் ரீச்சரைக் கும்பிட்டுவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். அந்தப் பிள்ளைக்குத் தான் ஒழுங்காகப் படிப்பித்தது இந்த ஒரு பாடத்தைத்தான் என்பது உறைத்தபோது, சைக்கிள் பள்ளிக்கூட வாசல் படலையைத் தாண்டிவிட்டிருந்தது.