குளத்தில் குதித்த இத்தாலிக்காரன்

கல்ஃபிலிருந்து வருகிறவன் டேப் ரிக்கார்டர் கொண்டு வருவான், பூப்போட்ட நைலான் சேலை கொண்டு வருவான். எங்கள் குன்னத்துகால் ரெத்தினதாஸ் மட்டும் பம்பாய்க்குக் கப்பலிலும் அங்கிருந்து ரயிலிலுமாக ஒரு நாயைக் கொண்டு வந்தான். ஆட்டுக்குட்டி போலச் சுருட்டை மயிர். பெயர் நீனோ. அவன் கார் ஓட்டிய இத்தாலி இன்ஜினியர் ஊர் திரும்பும்போது கொடுத்ததாம்.

இத்தாலியில் நாய்க்கும் குலத்தொழில் உண்டு என்றான். வெள்ளை நாய் ஓநாயிடமிருந்து ஆட்டைக் காக்கும், கறுத்த தடியன் வீட்டைக் காக்கும். நீனோவின் இனம், சதுப்பு நிலத்தில் சுடப்பட்டு விழுந்த வாத்தைப் பல் படாமல் கவ்விக்கொண்டு வரும். சதுப்பு வற்றியபின் மண்ணுக்கடியில் விளையும் காளானைத் தோண்டப் பழகிக்கொண்டதாம். நாங்கள் சிரித்தோம். லீவு முடிந்து அவன் போனதும், அவன் மனைவி லீலாபாய் நட்ட மரச்சீனிக் கிழங்கை நாய் தோண்டிப் போட்டது. யார் வந்தாலும் வாலாட்டியது.

லீலாபாய்க்கு நாயைவிடப் பெரிய தலைவலி வழிதான். நிலச்சட்டம் வந்து, குடியிருந்த பத்து சென்ட் அவர்களுக்குச் சொந்தமானது. ஆனால் அது பழைய நிலக்காரி கார்த்தியாயினியம்மாவின் தோட்டத்துக்கு நடுவில் கிடந்தது. மண்ணைக் கொடுத்த சட்டமே வழியையும் கொடுக்கட்டும் என்று அம்மா முள்வேலி அடைத்துவிட்டாள். லீலாபாய் குளத்து வரம்பில் வழுக்கி வழுக்கித்தான் ரோட்டுக்குப் போவாள். அவளுக்கு அப்போது ஏழாம் மாசம். நாங்கள் ரோட்டில் நின்று பார்ப்போம். ஆனால் அம்மாவிடம் போய் வழி கேட்க ஒருத்தரும் துணியவில்லை.

அந்தக் குளத்தில் அம்மாவின் வாத்துகள் நீந்தும். அந்தியானால் கரையேறாது. முழங்கால் வலியோடு அம்மா கல்லெறிந்து கத்துவாள். ஒருநாள் நீனோ குதித்தது. ஒரு வாத்தைக் கவ்வி வந்து லீலாபாயின் காலடியில் வைத்தது. பிறகு இன்னொன்று.

"பத்து சென்ட் போராதுண்ணு இப்போ தாறாவும் வேணுமோ?" என்றாள் அம்மா, வேலிக்கு அப்பாலிருந்து வாத்தைக் காட்டி.

லீலாபாய் கூசிப்போனாள். கள்ளி என்று பேர் வந்தால் எந்த முகத்தோடு சர்ச்சுக்குப் போவது? வாத்தைத் தூக்கிச் சிறகை விரித்துக் காட்டினாள். ஒரு கீறல் இல்லை.

"கடிக்காது கொச்சம்மா. அதுக்க ஜோலி அதாக்கும். நீங்க விளிச்சா ஒங்களுக்கும் கொண்டு தரும்."

அம்மா நம்பவில்லை. ஆனாலும் மறுநாள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இருட்டுமுன் வாத்தெல்லாம் கூட்டில். அம்மா சிரித்ததை நாங்கள் பார்த்தே வருஷமாகியிருந்தது.

பிறகு தினமும் நீனோவுக்கு அங்கே வேலை. வேலி நுழைந்து போனதில் சுருட்டை மயிரெல்லாம் முள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கூலிக்காரன் தங்கையனை அழைத்து, நாய்க்கு வழி வெட்டச் சொன்னாள். அவன் நாயளவுக்கு வெட்டினான். போதாது என்றாள். ஆளளவுக்கு வெட்டினான். அதுவும் போதாதாம். கடைசியில் வேலியில் பாதியைக் காணோம்.

லீலாபாய் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து நின்றாள். "நாய்க்கு எதுக்கு கொச்சம்மா இத்தற வழி?"

அம்மா வாத்துக்கூட்டின் கதவை அடைத்துக்கொண்டே சொன்னாள்: "கல்ஃப் நாயில்லியா பிள்ளே. ராத்திரி திடீர்ணு டாக்ஸி பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போகணும்ணு சொன்னா, என்ன செய்ய?"